ரவுண்டாகப் போடுங்க

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
கூட்ஸ் வண்டி. நாற்பத்தேழு பெட்டிவரை எண்ணினேன்.
எனக்கு முன்னால் டோ வண்டியின் முதுகில்
சிவப்பாக உட்கார்ந்திருந்தது அது,
தரைக்கும் வயிற்றுக்கும் ஒரு சாண்கூட விடாமல்.
"இன்னாக்கா, படுத்துக்கினே போவுது" என்றான்
பட்டாணி விற்கிற பையன்.

ஷெட்டில் பில் போடுவது என் வேலை.

சற்குணம் நீள ஸ்க்ரூடிரைவரை என்ஜினில் ஊன்றி
மறுமுனையைக் காதுக்குப் பின்னெலும்பில் வைத்தார்.
"உள்ள யாரோ கதவத் தட்றாங்க" என்றார்.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

நான் எழுதினேன்:
க்ளட்ச் முழு செட், ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம்.
ராடு பேரிங், எட்டு ஜோடி, முப்பத்தோராயிரத்து நானூறு.
ஒருமுறை முறுக்கினால் மறுமுறைக்கு ஆகாத போல்ட்டுகள்,
ஒன்பதாயிரத்து அறுநூறு.
ஆயில், சீல், சில்லறை, எட்டாயிரத்து எண்ணூற்று அறுபது.
லேபர், எழுபத்தாறாயிரம்.

நரேன் சார் கடைசி வரியில் விரலை வைத்தார்.
"முப்பதாயிரம் ரூபா பேரிங்குக்கு
இவ்ளோ கூலியா?"

சற்குணம் தேய்ந்த ஓடு ஒன்றை
அவர் உள்ளங்கையில் வைத்தார்.
நகத்தைவிடக் கொஞ்சம் தடிமன்.
வெள்ளி போய்ச் செம்பு தெரிந்தது.
"இத மாத்த அஞ்சு நிமிஷம் சார்.
இதாண்ட போறதுக்குத்தான் மூணு நாளு."

"க்ளட்ச் மட்டும் போட்டா?"
"போடலாம். நாலு மாசத்துல திரும்ப வருவீங்க.
இதே நட்டு, இதே கூலி. எனக்கு நல்லதுதான்."

மூன்று நாள் என்றது ஆறு நாள் ஆனது.
துறைமுகத்துக் கரித்தூள் திறந்த என்ஜினில் விழாமலிருக்க
கண்ணீர் அஞ்சலி பேனர் ஒன்றைப் போர்த்தினோம்.
தெருமுனை டெய்லர் தங்கதுரை
க்ராங்க் ஷாஃப்ட்டின்மேல்
ஐந்து ராத்திரி சிரித்துக்கொண்டு கிடந்தார்.
கரண்ட் போனபோது செல்போனைப் பல்லில் கடித்து
வெளிச்சம் பிடித்தான் லோகு.
ஒரு போல்ட் காணாமல் போய்
இரண்டு மணி நேரம் தரையைத் தடவினோம்.
அது அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.
அந்த இரண்டு மணி நேரத்தை நான் எழுதவில்லை.
மணிக்கட்டில் அவன் சுட்டுக்கொண்டதை
எழுதலாமென்று பார்த்தேன்.
கட்டம் இல்லை.

ஓட்டிப் பார்க்க மணலி ரோட்டுக்குப் போனோம்.
மீட்டரில் முந்நூறுவரை போட்டிருக்கிறது.
முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, பின்னால் ஒன்று.
மூன்றாம் கியர், அறுபது.
சற்குணம் கண்ணாடியை இறக்கி,
ரேடியோவை நிறுத்தி,
அந்த அறுபதைக் கேட்டுக்கொண்டே வந்தார்.
யாரும் தட்டவில்லை.

இரண்டு லட்சத்து நாற்பத்து மூவாயிரத்து
எண்ணூற்று அறுபது.
"ரவுண்டாப் போடுங்க மேடம்" என்றார் நரேன் சார்,
இரண்டு நாற்பது என்ற பொருளில்.

போல்ட்டின் விலை ஜெர்மனியில் அச்சடித்தது, அசையாது.
ஆயிலின் விலை டப்பாமேலேயே இருக்கிறது.
இந்தத் தாளில்
இடம் கொடுக்கிற வரி ஒன்றே ஒன்றுதான்.
மூவாயிரத்து எண்ணூற்று அறுபது என்பது
லோகுவின் ஆறு நாளும்
ஏழாம் நாளின் மதியச் சாப்பாடுவரையும்.

ரவுண்டாகத்தான் போட்டேன்.
இரண்டு லட்சத்து நாற்பத்தைந்து.

அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.
சற்குணம் கை கழுவப் போய்விட்டார்.
போனில் பணம் வந்து விழுந்த சத்தம் கேட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போகையில்
கேட் மூடியிருந்தது.
காசிமேட்டு மீன்வண்டிக்குப் பின்னால்
ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட
சிவப்பாக நின்றிருந்தது அது,
புது க்ளட்ச்சை மிதித்தபடி.
ஷேர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.
நான் பெட்டிகளை எண்ணத் தொடங்கினேன்.