ஒரு பிரதி

நரின் நகரச் சாலைத் துறையின் நிலவறையில்
வெப்பக் குழாய் ஓயாமல் இருமும்.
பதினோரு வருடமாய் அங்கே ஒவ்வோர் இரவும்
கணவாய்ச் சாவடியின் அஞ்சல் கோப்பை
முழுசாக நகலெடுத்து வைத்தார்கள்.
இன்றைக்கு வந்தது இரண்டு வரி;
அதற்காக நேற்றுவரை உள்ளதெல்லாம் மறுபடி.
முதல் கடிதம் மட்டும் நாலாயிரம் தடவை இருந்தது:
"அடுப்புக்கு நிலக்கரி அனுப்பவும்."
கரி அந்த வாரமே போய்விட்டது.
கோரிக்கைதான் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

வட்டுகள் நிரம்பின. வாங்கப் பணமில்லை.
"நீயே ஏதாவது செய், பக்திகுல்" என்றார் மேலாளர்,
ஜன்னலைப் பார்த்தபடி.

நீளம் அளந்து வெட்டினால் ஆகாது.
நடுவில் ஓர் எழுத்து நுழைந்தாலும்
பின்னால் நிற்பதெல்லாம் ஓரடி தள்ளி
நான் புதுசு, நான் புதுசு என்று புளுகும்.
கடிதம் முடிகிற இடத்தில் வெட்டினேன்.
தேதியைக் கழற்றித் தனியே வைத்தேன்.
துண்டுக்கு ஒரு கைரேகை.
ரேகை பழையதென்றால் வாசலிலேயே நிறுத்தி
ஒரு சுட்டி மட்டும்.
மூன்று நாள் ஓடியது.
ஓர் அலமாரி
என் கோட்டுப் பைக்குள் வந்தது.

துர்துபெக்கின் காலைச் செய்தி:
"கணவாய் திறந்திருக்கிறது. தெளிவு."
இரண்டாயிரத்துச் சொச்சம் நாள், அதே முற்றுப்புள்ளியோடு.
ஒன்றை வைத்துக்கொண்டேன்.
(அவருக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லையாம்.
துர்து என்றால் நின்றான்.)

பிறகுதான் அந்த பிப்ரவரி.
வளர்ந்தே பழகிய கோப்பில்
புதன் இரவு இருந்த ஒரு சுட்டி
வியாழன் இரவு இல்லை.
அதே தேதி, அதே ஆறு மணி,
"திறந்திருக்கிறது. தெளிவு" நின்ற இடத்தில்
"மூடப்பட்டது. பனிச்சரிவு அபாயம்."

அந்தப் புதன்கிழமை எட்டரைக்கு
நிலக்கரி லாரியோடு சரிவில் போனவன் ஷெர்னியாஸ்.
தடையை மீறினான் என்று விசாரணை முடிந்தது.
மனைவிக்கு நட்டஈடு கிடையாது.

இத்தனை வருடமும் இது இங்கேதான் கிடந்தது,
யாரும் தேட முடியாத அளவுக்குப்
பத்திரமாக.

சாவடிக்குப் போன் போட்டேன்.
அவர்தான் எடுத்தார். பின்னால் காற்று.
தேதியைச் சொன்னேன்.
"அதை அழித்துவிட்டேனே."
"அழித்தீர்கள்."
கெட்டில் கொதித்து அடங்கும் வரை பேச்சில்லை.
"எத்தனை பிரதி இருக்கிறது?"
"ஒன்று."
வைத்துவிட்டார்.

அன்றிரவு பையிலிருந்ததை மேஜையில் வைத்தேன்,
மறுபடி பையில் வைத்தேன்.

காலை ஆறு மணிக்குச் செய்தி வந்தது.
"கணவாய் திறந்திருக்கிறது. தெளிவு.
ஷெர்னியாஸின் மனைவி இப்போது எங்கே இருக்கிறாள்?"

நிரல் ரேகை எடுத்தது,
பட்டியல் முழுக்கத் தேடியது,
இப்படி ஒன்று இதுவரை வந்ததில்லை என்று கண்டு
உள்ளே விட்டது.