உதடு ஒட்டாத வசனம்

அழகாபுரத்தில் செல்போன் கடைக்கு மேலே
சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறை.
படம் எங்கிருந்தோ வருகிறது,
முகங்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கறுப்படித்து.
திருடிவிடுவோமாம்.
வில்லனுக்குத் தமிழ் எழுதுவது நான்.

தீயில் உதடு போனவன். பல்வரிசை மட்டும் மிச்சம்.
சாம்பலன் என்று பேர் வைத்தது கம்பெனி.
தன் பேரைத் தானே சொல்ல முடியாது அவனால்,
அதை யாரும் யோசிக்கவில்லை.
ப வராது. ம வராது. வ வராது.
அம்மா போயிற்று. பசி, மழை, மன்னிப்பு,
ஐயோ பாவம் என்பதில் ஐயோ மட்டும் நிற்கிறது.
கத்தி இருக்கிறது. கழுத்து இருக்கிறது.
‘கண்ணைத் திற. நன்றாய்க் காண்.
இந்தச் சிதைத்தலே என் கலை’
என்று எழுதிவிட்டுக் கீழே இறங்கி
தட்டுவடை செட் தின்றேன், காரம் கூடுதலாக.

மூன்றாவது ராத்திரிதான் உறைத்தது.
கொன்றேன் எழுதலாம். கொல்கிறேன் எழுதலாம்.
கொல்வேன் எழுத முடியாது.
அறுப்பேன் முடியாது, எரிப்பேன் முடியாது.
எட்டாம் வகுப்பில் இரண்டு மார்க்குக்காக உருப்போட்டதுதான்:
எதிர்காலம் காட்டும் எழுத்தெல்லாம்
உதட்டில் இருக்கிறது.

சின்ன வயதில் நான் பார்த்த வில்லன்கள்
எதிர்காலத்திலேயே குடியிருந்தார்கள்.
பழி வாங்குவேன், பூண்டோடு அழிப்பேன்,
சுழல்நாற்காலியில் அரைவட்டம், ஒரு சிரிப்பு,
அது முடிவதற்குள் ஜீப் சத்தம் கேட்டுவிடும்.
மிரட்டல் என்றால் கொஞ்சம் அவகாசம்.
இவன் மிரட்டுவதில்லை.
ஆஸ்பத்திரி வார்டில் பதினோரு கட்டில்கள்.
ஒன்பதாவதில் குனிந்தபடி
‘எட்டைத் தீர்த்தேன்’ என்கிறான்.
வயலின் வேறு, மெதுவாக.

குரல் சித்தேசனுடையது.
பகலில் புது பஸ் ஸ்டாண்டில் மைக் பிடிப்பவர்.
ஓமலூர், மேச்சேரி, மேட்டூர் வண்டி உடனே புறப்படும்.
அதில்தான் எத்தனை ம, எத்தனை ப.
இங்கே வந்ததும் மேலுதட்டை இரண்டு விரலால்
தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசுவார்.
எச்சில் ஒழுகும். துண்டால் துடைத்துக்கொண்டு
‘இன்னொரு டேக் போலாங்களா’ என்பார்.

அலறல்கள் பதினான்கு. வினாடிக் கணக்கில் நீளம்.
அதற்கென்று ஆள் வைத்தால் காசு தரமாட்டார்கள்.
ஏழாவது அலறலை நான் போட்டேன்,
நாலரை வினாடி.
எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது.
யாரோ ஜன்னலுக்கு வந்து நின்றார்கள்.
ஏற்காட்டு மலையில் ஒரே ஒரு வண்டியின் வெளிச்சம்
வளைவுக்கு வளைவு தெரிந்து தெரிந்து மறைந்தது.

ஐந்து ரோட்டுத் தியேட்டரில் முதல் ஞாயிறு.
விசில். ஒவ்வொரு கட்டிலுக்கும் விசில்.
பறந்து வந்த நாயகனுக்கு அவ்வளவு இல்லை.
ஏழாவது அலறலில்
சித்தேசன் திரும்பி என்னைப் பார்த்தார்.
பெருமையாகத்தான் இருந்தது. சொல்ல வெட்கம்.

அப்போதுதான் பின் வரிசையில் ஒரு சின்னக் குரல்.
ஐந்து வயது இருக்கலாம். யார் மடியிலோ.
சாம்பலன் ஒரு வரி முடிக்க
‘ம்’ என்றது.
கதை கேட்கிறவர்கள் கொட்டுகிற ‘ம்’.

நான் கொன்றேன்.
ம்.
நீ ஏன் கதறினாய்?
ம்.

பத்தாவது கட்டிலருகே அவன் பேசாமல் நின்றான்.
விசிலும் இல்லை.
‘இப்ப என்ன பண்ணுவான்?’
என்றது அந்தக் குரல்.

திரை முழுக்கப் பல்வரிசை.
அந்த இடத்துக்கு நான் எதுவும் எழுதியிருக்கவில்லை.
பக்கத்தில் சித்தேசன்
உதடுகளை இறுக்கி ஒட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
காலையில் அவருக்கு
நாலு நாற்பது மேட்டூர் வண்டி.