காது வெட்டிய ஓலை

குதிரைகள் வந்துபோன மூன்றாம் வருஷம்
வெண்ணாற்றைத் தாண்டி ஆட்டோடு இறங்கினோம்.
வடகால்மங்கலத்தில் நாய்கூட இல்லை.
கோரை மட்டும் ஆள் உயரத்துக்கு நின்று
யார் நீங்கள் என்றது.

சாவடியில் இஜாராதாரின் கணக்கன் திம்மாஜி,
ஒரு கண்ணில் பூ விழுந்தவன்.
‘பாழ் பதினெட்டு வேலி.
தை முதல் ஆனி வரை மேய்ச்சல்.
நாற்பது பணம், போகும்போது நாலு கிடாய்.’
யார் நிலம் என்றான் என் கொழுந்தன் மாயழகு.
‘எழுதுகிறவன் நிலம்.’

எந்த ஊர் என்று எழுத, என்று கேட்டான்.
வைகைக்குத் தெற்கே பிறந்தோம்,
மழைக்கு மேட்டில், கோடைக்கு இங்கே.
எழுத்தாணி கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று
‘பரதேசம்’ என்று இறங்கியது.

கீறச் சொன்னான்.
எனக்குத் தெரிந்த கீறல் ஒன்றுதான்:
இடக்காது நுனியில் ஒரு வெட்டு, அடியில் ஒரு பொத்தல்.
இடுப்புக் கத்தியால் ஓலை ஓரத்தை
அப்படியே வெட்டிக் கொடுத்தேன்.
இனி எங்கே தொலைந்தாலும்
அந்த ஓலை எங்கள் மந்தை.

கிடை போடக் கோரையை அறுத்தபோது
ஒரு லாடம் கிடைத்தது.
அப்புறம், வாய் கட்டிப் புதைத்த தாழி.
உள்ளே விதைநெல், தொட்டால் உமி.
கொட்டிவிட்டு சோலையாயி
குட்டிகளுக்கு அதில் தண்ணீர் வைத்தாள்.

வைகாசிக் கடைசியில் ஒருவன் வந்தான்.
இடுப்பில் சாவி.
வீடு எரிந்தது தெரியும், சாவி இருக்கட்டும் என்றான்.
பெயர் அருணந்தி.
தன் வயலைத் தானே தேடினான்.
பிழுக்கை மூடிக் கிடந்ததில்
வரப்பு எது, வாய்க்கால் எது, புரியவில்லை அவனுக்கு.
கடைசியில் மடைக்கல் தடுக்கி விழுந்தான்.
‘இதேதான். எப்பவும் இங்கேதான் தடுக்கும்’ என்று
நகக்கண்ணில் ரத்தத்தோடு சிரித்தான்.

மாயழகு கோலை இறுக்கினான்.
அவன் குனிந்து ஒரு பிடி மண்ணை மோந்தான்.
‘இன்னும் பத்து ராத்திரி படுப்பீங்களா?
ராத்திரிக்கு ஒரு மரக்கால் நெல்.
அறுத்த பிறகு.’

நேற்றுவரை
படுக்க நாங்கள் பணம் கொடுத்தோம்.
அதே ஆடு, அதே பிழுக்கை.
அறுப்புக்கு நாங்கள் இங்கே இருக்கமாட்டோம்
என்று அவனும் சொல்லவில்லை,
நானும் சொல்லவில்லை.
படுத்தோம்.

பதினோராம் நாள் விடியலில்
ஆற்றில் புதுநுரை.
திம்மாஜி ஆளோடு வந்தான்.
நாலு கிடாயின் காதையும் ஒவ்வொன்றாய் இழுத்து
ஓலையோடு ஒட்டிப் பார்த்து
சரிதான் என்று ஓட்டிக்கொண்டு போனான்.