சாய்த்துக் குத்தாதே

மூன்று பேருக்கும் விசா இல்லையென்று
ஒரே மாதிரி மூன்று கடிதம் வந்தது.
நாங்கள் திரும்பி வருவோம் என்பதில்
அவர்களுக்கு நம்பிக்கை இல்லையாம்.
ரிஸ்மி தன்னுடையதைக் காத்தான்குடிக் கடையில்
கல்லாவுக்குப் பின்னால் ஒட்டி வைத்தான்,
கடன் கேட்பவர்களுக்குக் காட்ட.

ஆகவே மலை வரவில்லை, சுகிர்தா வந்தாள்.
சூர் நகரத்து முதியோர் இல்லத்தில்
இரவுக் கடமை முடித்த கையோடு
பதினொரு நாள் லீவில்,
சொக்லேட் ஏதுமில்லாமல்:
ஒரு மண்வெட்டி,
மடித்து நீட்டுகிற ஒரு கோல்,
நெஞ்சில் கட்டும் மஞ்சள் பெட்டிகள் மூன்று.
கட்டுநாயக்காவில் மண்வெட்டியைப் பார்த்து
தோட்டமா என்று கேட்டார்களாம்.

சறுக்குக் கட்டைக்கு அடியில் ஒட்டும் தோலையும் காட்டினாள்.
ஒரு பக்கம் தடவினால் வழுகும்,
மாறித் தடவினால் கையைப் பிடிக்கும்.
"கொடுவாய்ச் செதில் மாதிரி" என்றான் ரிஸ்மி.
ஓமாம், அந்தப் பிடியில்தான்
நாலு மணித்தியாலம் ஏறுவார்களாம்.
இறங்க ஆறு நிமிசம்.
"ஆறு நிமிசத்துக்கா மனே இவ்வளவும்?"
அவள் தோலைச் சுருட்டிப் பையில் வைத்தாள்,
யாரையோ தூங்க வைப்பதுபோல.

அங்கே கம்பு நட்டுக் கொடி கட்டி
இயந்திரம் அழுத்திய பாதைகள் உண்டு.
"அதில நாங்க போறல்ல.
கம்புக்கு வெளிய,
ஒருத்தரும் மிதிக்காத இடத்தில."
மெல்ரோய் அப்போதுதான் நிமிர்ந்தான்.
வாகரையில் ஆறு வருசம்
கம்புக்குக் கம்பு முழந்தாளில் நகர்ந்து
சம்பளம் எடுத்தவன்.
"வெளிய போறதுக்குக்
காசும் குடுக்கிறீங்களா?"

கல்லடி, பின்னேரம் ஐந்து மணி.
எங்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு
பிஸ்கட் ரின்னில் ஒரு பெட்டியை வைத்து
எங்கேயோ புதைத்தாள்.
"பதினைஞ்சு நிமிசம்.
அதுக்குள்ள எடுத்தா
அநேகமா உயிரோட எடுக்கலாம்."
நாவலடிப் பக்கம்
நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை.
கச்சான்காரர் வண்டியை நிறுத்திக்கொண்டு
எங்களைப் பார்த்தார்.

முப்பத்தெட்டு, முப்பத்தொன்று,
நாற்பது (ரிஸ்மி, அங்கால இல்ல!)
இருபத்திரண்டு, ஒன்பது.
நான் மண்டியிட்டுப் பெட்டியை
மணலோடு மணலாகத் தேய்த்துக்கொண்டு போனேன்.
இரண்டு புள்ளி ஒன்று.
அதற்குக் கீழே எண் இறங்கவில்லை.

கோல் மெல்ரோயின் கையில்.
இரண்டு விரலால் பிடித்து
முப்பது பாகையில் சாய்த்து
மூச்சையும் நிறுத்திவிட்டு
ஊசி ஏற்றுவதுபோல் மணலுக்குள் விட்டான்.
"சாய்ச்சுக் குத்தாத. நேரா. பலமா."
"பட்டா?"
"படவேணும் மெல்ரோய்.
படுறதுக்குத்தான் குத்துற."

கோலை நிமிர்த்த அவனுக்கு நேரமெடுத்தது.
முதல் குத்து ஒரு சாண்கூட இறங்கவில்லை.
இரண்டாவது, மூன்றாவது.
நாலாவதில்
ரின் தகரம் டிக் என்றது.
அவன் கண்ணை மூடினான்.
கடல் தன்பாட்டில் ஒரு அலையை எடுத்து மடித்தது.
வேறொன்றும் நடக்கவில்லை.

பதினெட்டு நிமிசம்.
"செத்துப்போனன்" என்றாள் சுகிர்தா சந்தோசமாக.
தோண்டி எடுத்த ரின்னுக்குள்
பெட்டியைச் சுற்றி
உருகிக் குழைந்த சொக்லேட்.
மணலோடு நக்கினோம்.
கச்சான்காரருக்கும் ஒரு விரல்.

அவள் போய் நாலாம் நாள், இரவு பத்தரைக்கு,
மெல்ரோய் எடுத்தான்.
பெட்டி ஒன்று தன்னிடம் நின்றுவிட்டதாம்,
சின்ன வெளிச்சம் இன்னும் அடிக்குதாம்.
ஐம்பது மீற்றருக்கு அங்கால்
ஒருவருக்கும் கேட்காதே என்றேன்.
"அது தெரியும்" என்றான்.
கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு,
"இதுக்கு என்ன பற்றறி போடுற?"