மேல்கணக்கு

எங்கள் தோட்டத்தில் பிரிவுக்குக் கணக்கு என்று பெயர்.
மேல்கணக்கு, கீழ்கணக்கு, புதுக்கணக்கு.
மேல்கணக்கில் ஆறாம் நம்பர் லயம்,
ஐந்தாவது காம்பரா எனக்கு,
நான்காவது மோகனதாஸுக்கு.
நடுவில் ஒரு சுவர்.
சுவருக்கும் தகரத்துக்கும் இடையே
ஒரு முழம் திறந்தவெளி.

சொத்து என்ன என்று நீதிபதி கேட்டார்.
சொன்னேன்:
காஸ் சிலிண்டர் ஒன்று.
தவணைக்கு எடுத்த டீவி
(வழக்குக்கும் அதே மாதம்தான் முதல் தவணை,
டீவி முந்திக்கொண்டது).
அடகில் என் தோடு, சீட்டு அவரிடம்.
லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி லீக்ஸ்.
என் ஈபிஎஃப் காசையும் சேர்க்கச் சொன்னார்
அவருடைய வக்கீல்.
ஐம்பது வயதுவரை அது எனக்கே எட்டாது என்றேன்.
வீடு?
வீடு தோட்டத்துடையது ஐயா.
லீக்ஸ் நிற்கிற மண்ணும்.
மொழிபெயர்ப்பவர் இதைச் சிங்களத்தில் சொல்ல
ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை.

தீர்ப்பு வந்தது. போக இடம் வரவில்லை.
துரைக்கு எழுதிக் கொடுத்து ஏழு மாதம் கழித்துக்
காலியானது, ஓய்வெடுத்து மகனோடு போன
அந்தோனியம்மா குடும்பத்தின் காம்பரா.
அதுதான் நான்காவது.
தன் பாயைச் சுருட்டி
வாசலில் இறங்கி
அடுத்த வாசலில் ஏறினார்.

தாபரிப்பு மாதம் பதினையாயிரம்.
"கையில் வாங்காதீங்க" என்றார் ரிஸ்வானா மேடம்.
"ரசீது இல்லாத காசு
நாளைக்குக் கோர்ட்டில் காசே இல்லை."
அதனால்
சுவரைத் தாண்ட வேண்டிய பணம்
ஆறரை பஸ்ஸில் ஏறுகிறது.
நோர்வூட், டிக்கோயா, அட்டன்.
கம்பிக்குப் பின்னால் ஒரு புத்தகத்தில் பதிந்து
மறுபடி மலை ஏறி
என் அரிசி வாளிக்கு வருகிறது.

ஒரே பஸ்தான். அவர் கட்டப் போகிறார்,
நான் எடுக்கப் போகிறேன்.
அன்றைக்கு இரண்டு பேருக்கும் பேர் விழாது.
புதுக் கண்டக்டர்
அவர் நீட்டிய நோட்டுக்கு இரண்டு டிக்கெட் கிழித்தான்.
"ஒண்ணு" என்றார் மோகனதாஸ்.
நான் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு மாதம்
அவர் பஸ்ஸுக்கு வரவில்லை.
வரமாட்டார் என்று முதல்நாளே தெரியும்.
ஸ்டோரில் ராவேலை, ஈரச் சட்டை, இருமல்.
முழு ராத்திரியும் சுவருக்கு மேலாக வந்தது.
அதைக் கோர்ட்டுக்கு எப்படிச் சொல்வது?
மேடம் போனில் சொன்னார்:
"நிலுவைக்கு மனுப் போடலாம். பிறகு பிடியாணைதான்."
யோசித்தேன்.
தர்ஷிகாவுக்கு ட்யூஷன் காசு
பதினெட்டாம் திகதி.

கொத்தமல்லி அவித்து
அவள் கையில் கொடுத்தனுப்பினேன்.
அட்டனுக்குப் போய்
மனுவிலும் கையெழுத்து வைத்தேன்.
இரண்டும் ஒரே நாள்.
எது முதலில் என்று கேட்காதீர்கள்.

சாயங்காலம் டம்ளர் கழுவி வந்தது.
உள்ளே நாலாய் மடித்த அடகுச் சீட்டு.
மூழ்குவதற்கு இன்னும் ஒன்பது நாள்.
வட்டி மட்டும் பதினோராயிரத்துச் சொச்சம்.
லைட்டுக்குக் கீழே பிடித்து
இரண்டு தரம் படித்தேன்.
சுவருக்கு அந்தப் பக்கம்
இருமல் நின்று, கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு கொப்பித் தாளைக் கிழித்து
தர்ஷிகாவைத் திருப்பி அனுப்பினேன்:
சீட்டைக் கொடுத்தேன் என்று ஒரு வரி,
திகதி போட்டு,
அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வா.