வெண்படை

முதல் நாளே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது.
புந்தா அரேனாஸ் மருத்துவமனை, இரண்டாம் தளம்,
ஜன்னலோர நாற்காலியில் யெர்கோ விலிசிச்.
எல்லைச் சாவடியில் முப்பத்தொரு வருடம் நின்றவர்.
ஒருமுறை, அர்ஜென்டினாவிலிருந்து திரும்பிய என் லாரியில்
இருக்கைக்கு அடியில் கைவிட்டு
ஒன்பது ஆப்பிள்களை எடுத்தார்,
ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார்,
குப்பையில் போட்டார்.
புழு இல்லை. இருந்தாலும் சட்டம், என்றார்.

அவருக்குப் பிடரியில்.
தொப்பிக்கும் காலருக்கும் நடுவே,
ஓசோன் கிழிந்த வானத்து அக்டோபர் வெயில்
முப்பத்தொரு தடவை விழுந்த இடத்தில்.
எனக்கு இடது உள்ளங்காலில்.
மரு என்று நினைத்து
இரண்டு வருடம் அதன்மேல் கிளட்சை மிதித்தேன்.

டாக்டர் மில்லராய் கார்காமோ சொன்னார்:
இந்த மருந்து எதையும் கொல்லாது.
கொல்லத் தெரிந்தவர்கள் உங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள்.
கட்டியின் வாசல்வரை போய்
ஆயுதத்தோடு நிற்கிறார்கள்.
கட்டி கையை நீட்டித் தோளைத் தொடுகிறது,
நம்மாள்தான், நில் என்கிறது.
நின்றுவிடுகிறார்கள்.
மருந்து போய் அந்தத் தோளில் உட்காரும். அவ்வளவுதான்.
தொட இடமிருக்காது.

யெர்கோ கேட்டார்:
சோதனைச் சாவடியை மூடிவிட்டால்
நாடு என்னாகும்?

டாக்டர் சிரிக்கவில்லை.
அதுதான் பயம்.
மூட்டை அடிக்கலாம், குடலை, தைராய்டை.
தடுக்க ஆளில்லாத தெருவில்
வீரனும் ரவுடியும் ஒரே சட்டைதான்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அரை மணி நேரம்.
நிறமில்லை, வாசனையில்லை.
வெளியே காற்று
ஜலசந்தியைச் சுருட்டிச் சுருட்டிக் கரையில் எறியும்.
நாங்கள் பேசியதெல்லாம் கடத்தல் சரக்கு பற்றி.
பைபிள் பெட்டிக்குள் சலாமி வைத்திருந்த பாதிரியார்.
உதிரி டயருக்குள் எட்டுக் கிலோ சீஸ்.
எல்லாரும் ஒரே மாதிரிதான் சிரிப்பார்கள், சுனில்டா,
நம்மாள்தானே என்று.

ஐந்தாவது பைக்குப் பிறகு
அவர் இடது புருவத்தில் மூன்று மயிர் வெளுத்தது.
பிறகு புருவம் முழுக்க. பிறகு இமை.
கழுத்தில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி ஒரு திட்டு.
வெண்படை, என்றார் தாதி.
படைதான்.
தோலுக்கு நிறம் தரும் செல்களையும் விடவில்லை அவர்கள்,
கட்டி பிறந்த குடும்பம் அது,
பெயரைக் கேட்டாலே அடிக்கிறார்கள்.
டாக்டர் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தார்.
நுரையீரலில் இருந்த நான்கு புள்ளிகளில் இரண்டைக் காணோம்.
பட்டாணியாய் இருந்த மற்ற இரண்டும் இப்போது மிளகளவு.

எனக்கும் அதே பை. அதே மூன்று வாரம்.
என் புருவம் கறுப்பு.
ஓடாமல் நிற்கும் லாரியின் பக்கக் கண்ணாடியைத் திருப்பி
தினமும் காலையில் பார்க்கிறேன்.
ஒன்று வெள்ளையாய்த் தெரியும்.
விரலால் துடைத்தால் ரொட்டி மாவு.
சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்பதில்லை என்கிறார் டாக்டர்.
ஏன் என்றால்
காகிதத்தைப் புரட்டுகிறார்.

இன்று யெர்கோ ஓர் ஆப்பிள் கொண்டுவந்தார்.
அந்தப் பக்கத்துது, காகிதம் கிடையாது, என்றார்.
மீதி எட்டு?
தடவைக்கு ஒன்று. நீ வரவேண்டுமே.

பிறகு சட்டைப்பையிலிருந்து
அந்தப் பழைய டார்ச்.
நாற்காலியை இழுத்துப் போட்டு
என் முகத்தைத் திருப்பிப் பிடித்து
புருவத்தை மயிர் மயிராக விலக்கிப் பார்த்தார்,
லாரிக்கு அடியில் குனிந்து பார்த்த அதே நிதானத்தோடு,
இரண்டு பக்கமும்.

மழையில் வரிசையில் நின்ற எங்கள் எல்லாருக்கும்
அவர் வாயிலிருந்து வரக்கூடிய நல்ல வாக்கு ஒன்றே ஒன்று:
ஒன்றுமில்லை, போகலாம்.

டார்ச்சை அணைத்தார்.
ஒன்றுமில்லை, என்றார்.
மறுபாதியைச் சொல்லாமல்
கத்தியை எடுத்து
ஆப்பிளை அறுக்கத் தொடங்கினார்.