தானாக ஓடுவது

இரவு இரண்டே முக்காலுக்கு
குளியலறைக் கோப்பைக்குள்
யாரோ வண்டைப் பிடித்து அடைத்துவிட்ட சத்தம்.
நான் போனேன். அவரும் வந்தார்.
ஒன்பது நாளாகப் பேசாத இரண்டு பேர்
ஒரு பல்துலக்கியின் முன்னால் நின்றோம்.

யாரும் தொடவில்லை. தானாக ஓடுகிறது.
பொத்தானை அமத்தினேன், நிற்கவில்லை.
அவர் அமத்தினார், நிற்கவில்லை.
கடைசியில் துவாயில் சுற்றி
உடுப்புக் கூடையின் அடியில் புதைத்தேன்.
கீழ்வீட்டு ஏபி அம்மா
பத்து மணிக்குப் பிறகு குழாயைத் திறந்தாலே
காலையில் படியில் மறித்துக் கேட்கிற மனிசி.

கைப்பிடி ஒன்று. தலை இரண்டு.
சிவப்பு வளையம் எனக்கு, நீல வளையம் அவருக்கு.
வாங்கின அன்று
இரண்டு கைப்பிடி வீண்செலவு என்றவர் அவர்தான்.
அதே மனிசன்தான்
தம்பி நிமலேசனின் ஓட்டை வானுக்கு
ஐயாயிரம் பிராங்க்
எனக்குச் சொல்லாமல் அனுப்பினது.
வங்கிக் கடிதத்தை உடைத்தது நான்.
அதற்குப் பிறகு இந்த வீட்டில்
பிரிஜ் மட்டும்தான் பேசியது.

ஞாயிற்றுக்கிழமை.
இரண்டு பாஷை பேசும் பீல் நகரத்தில்
கடைக் கதவுகள் இரண்டு பாஷையிலும் பூட்டு.
நாங்கள் மூன்றாவதிலும்.

மேசையில் விளம்பரத் தாளை விரித்தேன்.
கிழமைக்கு ஐந்து நாள்
கிரென்ஹென் தொழிற்சாலையில்
ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கி செருகி
பிறருடைய நேரத்தைப் பூட்டுகிறவள் நான்.
சொந்தச் சாவணம் இருக்கிறது.
அடிமூடியை இருபது ராப்பன் காசால் நெம்பி
தலைப்பக்கத்துத் தண்டை மேசையில் ஊன்றி அமத்த
உள்ளுடம்பு முழுதாக வழுக்கி வந்தது:
பற்றறி, மோட்டார், அடியில் செம்புச் சுருள்,
விரல் நீளத்தில் ஒரு பச்சைத் தகடு,
அதன்மேல் காய்ந்த கஞ்சி மாதிரிப் பற்பசை.

"வெளிச்சம்" என்றேன்.
அவருக்குச் சொன்னதில்லை, வேலைத்தலத்துப் பழக்கம்.
ஆனால் போன் வெளிச்சம் வந்தது,
தோளுக்கு மேலால், கொஞ்சம் நடுங்கிக்கொண்டு.
"கிட்ட."
வந்தது.
"இவ்வளவு கிட்ட வேண்டாம்."
விலகியது.

தண்டின் கழுத்தில் ரப்பர் தேய்ந்திருந்தது.
காலைக்கு ஒரு துளியாக
இரண்டு வாயிலிருந்தும் இறங்கி
பொத்தானுக்குக் கீழே தேங்கி
இல்லாத விரலாக அமத்திக்கொண்டிருந்திருக்கிறது.
யாருடைய துளி என்று பிரிக்க முடியாது.
நான் பிரிக்கப் பார்த்தேன் என்பதும் உண்மை.

ஸ்பிரிட்டில் தொட்ட பஞ்சு.
தலை காயவைக்கும் மெஷின், ஆகக் குறைந்த சூட்டில்.
நடுவில் சுருளின் கம்பி,
தலைமயிரில் அரைவாசிகூட இல்லை,
சாவணத்தில் பட்டு அறுந்தது.
தூஷணம் வாயில் வந்தது. வந்ததைச் சொன்னேன்.
அவர் சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கராஜ்காரன் அண்டைக்கே காசு கேட்டவன்" என்றார்,
பச்சைத் தகட்டைப் பார்த்துக்கொண்டு.
"வெளிச்சத்தை ஆட்டாதைங்கோ."
"உனக்குச் சொன்னால் மாட்டன் எண்டிருப்பாய்."
"ஓம். மாட்டன் எண்டுதான் சொல்லியிருப்பன்."
ஈயம் இறுகும்வரை
இருவரும் மூச்சு விடவில்லை.

கழுத்து ரப்பருக்கு வாசலின் பூசி மூடினேன்.
அமத்த ஓடியது. மறுபடி அமத்த நின்றது.
பச்சை விளக்கு மட்டும் எரியவில்லை;
உள்ளே எவ்வளவு மிச்சம் என்று
இனி ஓடவிட்டுத்தான் பார்க்கவேண்டும்.

அன்றிரவும் அவர்
நீலத்தைக் கழற்றாமலே போயிருந்தார்.
வழமையாகக் கத்துவேன்.
கழற்றினேன். சிவப்பை மாட்டினேன்.
கைப்பிடியில் இன்னும் ஈரம், கொஞ்சம் சூடு.
ஐயாயிரம் ஐயாயிரம்தான் என்று
கண்ணாடிக்கு நுரைவாயோடு சொல்லிப் பார்த்தேன்.
ஒரு சொல்லும் விளங்கவில்லை.

இரண்டே முக்காலுக்கு விழிப்பு வந்தது.
கோப்பைக்குள் சத்தமில்லை.
பக்கத்தில் அவரும்
காது கொடுத்துக்கொண்டு கிடந்தார்.